எருமை மீன் காவல்

பிள்ளைகளா, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது சின்னவன் தன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "அப்பா, இந்த மீனப் பாருங்க. அமெரிக்காவுல ஆத்துல கெடக்கது. நூறு வயசுக்கு மேல உயிரோட இருக்குமாம்" என்றான். நான் பார்த்தேன். பார்த்த கையோடு எழுந்து வெளியே போய்விட்டேன். "அப்பாவுக்கு என்னாச்சு?" என்று மூத்தவள் கேட்டது காதில் விழுந்தது. குழம்பில் காரம் கூடிப்போச்சு, அவருக்கு ஒத்துக்கிடலை என்று உங்கள் அம்மா பதில் சொன்னாள்.

குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அந்த மீனை எனக்குத் தெரியும். பத்து வயதில் அதன் முதுகை நான் தடவியிருக்கிறேன். அந்த மீனால் நம் குடும்பத்துக்கு ஒரு கெட்ட பெயர் வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இத்தனை நாள் உங்களிடம் மறைத்தேன். இப்போது எழுதிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

என் அப்பாவை, அதாவது உங்கள் தாத்தாவை, நீங்கள் பார்த்ததில்லை. அவர் சங்கு குளித்தவர். முத்துக் குளிப்பு நான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோனது. அதைப் பற்றிப் பெரியவர்கள் பேசிக்கொள்வதோடு சரி. சங்கு மட்டும் அப்போது இருந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்குகிற வேலை. ஒரு நாள் ஆழத்தில் இருக்கும்போதே இடது காது உடைந்து, ரத்தம் வழிய மேலே வந்தார். அதற்குப் பிறகு அவரால் குளிக்க முடியவில்லை. யாராவது பேசினால் வலது காதைத் திருப்பிக்கொண்டு, ஏதோ ரகசியம் கேட்பவர் மாதிரி தலையைச் சாய்ப்பார்.

என் அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா, எங்கள் தெருவிலேயே இரண்டு வள்ளங்கள் வைத்திருந்த பெரிய ஆள். மீனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தெருவில் மறுபேச்சு கிடையாது. காற்று திரும்புவதை மூக்கால் சொல்வார். கையில் மீனை எடுத்தால் போதும், எந்தப் பக்கத்துக் கடலில் பிடித்தது, சினை எத்தனை நாளில் முற்றும் என்று சொல்லிவிடுவார். தன் வள்ளத்தில் வலை இழுக்க வரும்படி அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா போகவில்லை. மச்சான் வள்ளத்தில் கூலிக்கு நிற்க அவருக்கு மனசில்லை. முத்தையாபுரத்தைத் தாண்டி புதிதாக வந்திருந்த மீன் பண்ணையில் காவலுக்குச் சேர்ந்தார்.

அது வெளிநாட்டு உதவியில் நடந்த பண்ணை. ஆற்றுக் கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து தேங்கும் இடத்தில் மண் கரை போட்டு நாலு குளம் வெட்டியிருந்தார்கள். மழைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் பட்டினி கிடக்கும் ஜனங்களுக்குக் குளத்து மீன் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். மேனேஜர் சார் நாசரேத் பக்கத்துக்காரர், நிறையப் படித்தவர், மெதுவாகப் பேசுவார். எங்கள் தெருவில் அந்தப் பண்ணையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "இம்புட்டுக் கடல வச்சிக்கிட்டு குட்டையில மீன் வளக்கானுவளாம்லே!" என்பார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. பண்ணையில் கொடுத்த காக்கிச் சட்டையை அம்மா கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பாள். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கும்போது அவர் நடையே வேறாக இருக்கும்.

அந்த மீன்கள் கோதுமைக் கப்பலில் வந்தன. அப்போதுதான் புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. கப்பலின் மேல்தட்டில் தகரத் தொட்டிகளில் நல்ல தண்ணீர் ஊற்றி, கூடவே ஒரு வெள்ளைக்காரரும் வந்தார். வழியிலேயே பாதிக்கு மேல் செத்துப் போய்விட்டன. லாரியில் பண்ணைக்கு வந்து சேர்ந்தவை ஒன்பது.

பார்க்க எங்கள் தெருவே போயிருந்தது. எனக்கு இன்றைக்கும் அந்த நிறம் கண்ணில் நிற்கிறது. மழையில் ஊறிய பழைய வள்ளப் பலகையின் நிறம். வெயில் படும் இடத்தில் மட்டும் பித்தளை போல ஒரு மினுக்கம். முதுகு திமில் மாதிரி உயர்ந்திருக்கும். உதடு தடித்துக் கீழே மடங்கியிருக்கும். அதை வைத்துச் சேற்றை உறிஞ்சித் தின்னும். ஆங்கிலத்தில் அதற்கு எருமை என்றே பெயராம். மேனேஜர் சார் சொன்னதும் கூட்டம் சிரித்துவிட்டது.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டு ஒரு மீனின் வாயைத் திறந்து பார்த்தார்.

"மச்சான், பல்லே இல்லயே! இது மீனா, இல்ல எங்க சின்னம்மையா?"

"சும்மா இரும் மச்சான், தொர நிக்காரு" என்றார் அப்பா.

"நிக்கட்டுமே. எருமைக்கி நீருதான் காவலா? அப்பம் சாணி அள்ளுதது யாரு?"

அப்பாவும் சேர்ந்துதான் சிரித்தார். அந்த வெள்ளைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவரும் சிரித்தார். பிறகு ஒரு மீனிலிருந்து ஒரு செதிலை மெல்ல எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்து, எட்டு விரலைக் காட்டினார். செதிலில் வளையம் வளையமாகக் கோடு இருக்கிறதாம், ஒரு கோடு ஒரு வருஷமாம். மரத்துக்குச் சொல்வது போல. "எட்டு வயசு. நல்ல பருவம். அடுத்த மழையில் பெண் மீன் ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் முட்டை போடும். இந்தக் குளம் தாங்காது" என்று மேனேஜர் சார் தமிழில் சொன்னார். மாமா அந்தச் செதிலை வாங்கி, தானும் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் "சரிதான்" என்று தலையை ஆட்டினார்.

வெள்ளைக்காரர் கொஞ்ச நாளில் ஊருக்குப் போய்விட்டார்.

பிள்ளைகளா, அந்த ஒரு வருஷம் என் அப்பா சந்தோஷமாக இருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா கொடுக்கும் கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பண்ணைக்குப் போவேன். தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் பிசைந்து உருட்டி வைத்திருப்பார். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். கொஞ்சம் பிய்த்து நானே தின்று பார்த்ததும் உண்டு. பால் பவுடர் வந்த காலி டின்னை ஒரு குச்சியால் தட்டுவார். தண்ணீர் முதலில் அசையாமல் இருக்கும். அப்புறம் அடியிலிருந்து சேறு புகை மாதிரி எழும்பும். அப்புறம் முதுகுகள். கரையோரத்தில் வந்து அந்தத் தடித்த உதட்டால் உருண்டையை உறிஞ்சும்போது, சின்னப்பிள்ளை சூடான காபியை உறிஞ்சுகிற மாதிரி சத்தம் கேட்கும். அப்பா வலது காதைத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"பாத்தியாடே, அவசரமே கெடையாது இதுகளுக்கு. நம்ம கடல் மீனுன்னா இந்நேரம் ஒண்ண ஒண்ணு கடிச்சிருக்கும்."

என் கையைப் பிடித்து முதுகில் வைத்துக் காட்டினார். பெரிய பெரிய செதில், நகம் மாதிரி வழுவழுப்பு. அது விலகி ஓடவில்லை.

அந்தக் கோடையில் எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஒரு மீன்குஞ்சு வியாபாரி வந்தார். சைக்கிளின் பின்னால் இரண்டு பானை கட்டி, அதில் கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுபோய் ஊர்க் கண்மாய்களுக்கு விற்பவர். பானைத் தண்ணீர் அசைந்துகொண்டே இருந்தால்தான் குஞ்சு பிழைக்கும் என்று, நின்று பேசும்போதும் சைக்கிளை ஆட்டிக்கொண்டே நிற்பார். "அண்ணாச்சி, உங்க எருமை குஞ்சு பொரிச்சா நமக்கும் ரெண்டு பானை பாத்துச் செய்யுங்க" என்று சிரித்தார். "ஆசையப் பாரும்! இது ஏழை சனங்களுக்கு வந்தது வே" என்று அப்பாவும் சிரித்து, குடிக்கத் தண்ணீரும் ஒரு பீடியும் கொடுத்தார். பண்ணைச் சமையல்காரர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான் நடந்தது. நான் அங்கேயே இருந்தேன்.

ஐப்பசி பிறந்து மழை இறங்கியது. மீன்களின் வயிறு பருத்தது. மேனேஜர் சாருக்குக் கை பரபரத்தது. மீன் தெரிந்த ஆளாக ஒருவரைக் கூட்டிவா என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா மாமாவைத்தான் கூட்டிப் போனார். மாமா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒரு மீனை மடியில் குழந்தையைப் போலக் கிடத்தி வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"சினை முத்திட்டு சார். இன்னும் ஒரு நல்ல மழை. அம்புட்டுத்தான்."

அந்த நல்ல மழையும் வந்தது. விடியும் நேரம். பள்ளிக்கூடம் லீவு என்பதால் முந்தின நாளே நான் அப்பாவோடு காவல் குடிசையில் தங்கிவிட்டேன். திடீரென்று குளத்தில் துணி துவைக்கிற மாதிரி சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தோம். கரையோரத்துப் புல் முங்கிக் கிடந்த இடத்தில், முழங்கால் தண்ணீரில், மீன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு புரண்டன. தண்ணீர் கலங்கி நுரைத்தது. வால் அடித்த அடியில் சேறு எங்கள் மேல் தெறித்தது. ஓய்ந்த பிறகு அப்பா ஒரு புல்லைப் பிடுங்கி எடுத்து வந்தார். அதில் ஜவ்வரிசியிலும் சின்னதாக, பிசுபிசுவென்று முட்டைகள் ஒட்டியிருந்தன.

மழையிலேயே ஓடினார். மேனேஜர் சார் பல் தேய்த்துக்கொண்டு நின்றார். "சார், போட்டுட்டு சார்! முட்டை போட்டுட்டு!" என்று கத்தினார். காது கேட்காதவர்கள் சத்தமாகப் பேசுவார்களே, அப்படி. மேனேஜர் சார் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே அமெரிக்காவுக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

அப்புறம் எதுவுமே வரவில்லை.

முதல் வாரம் கலங்கல் தண்ணீர், ஒன்றும் தெரியாது என்றார்கள். அடுத்த வாரம் கொசுவலைத் துணியால் கரையோரம் அரித்துப் பார்த்தார்கள். தவளைக் குஞ்சு வந்தது, கால்வாயில் வந்த கெண்டைப்பொடி வந்தது, நீர்ப்பூச்சி வந்தது. எருமை மீனின் குஞ்சு ஒன்றுகூட வரவில்லை. பெரிய மீன்கள் ஒன்பதும் வயிறு ஒட்டி, எப்போதும் போல டின் சத்தத்துக்கு வந்து உருண்டையை உறிஞ்சிவிட்டுப் போயின. கார்த்திகை முடிந்தது. அமெரிக்காவிலிருந்து, குஞ்சு எவ்வளவு தேறியது என்று கேட்டுக் கடிதம் வந்துவிட்டது.

மேனேஜர் சார் கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. சமையல்காரர் அந்தப் பானை வியாபாரியைப் பற்றிச் சொன்னார். பதில் கிடைத்துவிட்டது.

ஆனாலும் அவர் ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. மாமாவை மறுபடி கூப்பிட்டு, எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்டார். அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வலது காதைத் திருப்பி நின்றார். மாமா வந்ததில் அவருக்குத் தைரியம். மச்சான் ஆயிற்றே.

"முட்டை போட்டும் குஞ்சு வராமல் இருக்குமா?" என்று மேனேஜர் சார் கேட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை பிள்ளைகளா. தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார்.

"சார், சினை இருந்திச்சி. நான் கையால தொட்டுப் பாத்தேன். போட்டதும் மெய்தான், அவரே சொல்லுதாரு. கடல்ல போட்டா கடல் திங்கும். சொறாவு திங்கும், பாரை திங்கும், மிச்சம் இருக்கது பொழைக்கும். அப்பவும் கோடிக்கணக்குல பொழைக்கி. இந்தக் குட்டையில திங்கதுக்கு என்ன கெடக்கு, தவளையா? லட்சத்துல ஆயிரமாவது நிக்கணும். ஒண்ணுமே இல்லன்னா..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவில்லை.

"மச்சான், நான் எடுக்கல" என்றார் அப்பா.

"நீரு எடுத்தீருன்னு நான் சொல்லலியே. மீனு பொரிக்காம இருக்காதுன்னு சொல்லுதேன்."

கடல் ஓரத்தில் பிறந்த யாரிடம் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். சினை மீன் என்றால் அடுத்த பருவத்தில் குஞ்சு. அது அவர்களுக்குக் காலையில் சூரியன் வருகிற மாதிரி. எங்கள் தெருவில் மீனைப் பற்றித் தெரியாதவர்கள் இருந்திருந்தால் அப்பா தப்பித்திருப்பார். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதுதான் அவரைக் கவிழ்த்தது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் மேல் பழி வந்தால், கோயிலுக்கு முன்னால் சத்தியம் செய்வதைவிடப் பெரிது வள்ளத்தின் மேல் செய்யும் சத்தியம். வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கி, பழி வந்தவன் முன்பக்கத்துக் கொம்பில் கை வைத்து, "நான் செய்யல" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அந்த வள்ளம் கடலுக்குப் போய்ச் சேதமில்லாமல் திரும்பிவிட்டால் அவன் மேல் பழி இல்லை. யாரும் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. சத்தியத்துக்கு வள்ளத்தைக் கொடுப்பது உறவுக்காரன் கடமை. ஏனென்றால் வேறு யார் தன் வள்ளத்தைப் பணயம் வைப்பான்?

அப்பா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கரையில் மாமா முன்னால் போய் நின்றார். நானும் அம்மாவும் பின்னால் நின்றோம். தெரு ஆட்கள் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், வள்ளத்த எறக்கும். நான் சத்தியம் பண்ணுதேன்."

மாமா கீழே பார்த்தபடியே, "வேண்டாம் மச்சான்" என்றார்.

"ஏன்?"

"ஏழு குடும்பம் அந்த வள்ளத்துல போவுது. பொய்ச் சத்தியம் விழுந்த வள்ளத்தக் கடல் பொறுக்காது."

அப்பாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மாமா அதையே மறுபடி சத்தமாகச் சொன்னார். முதல் தடவையே கேட்டுவிட்டது. இரண்டாம் தடவை கரை முழுக்கக் கேட்டது.

வேலை போய்விட்டது. காக்கிச் சட்டையைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம். தெருவில் பையன்கள் என்னைப் பார்த்து "எம்மா!" என்று எருமை மாதிரி கத்துவார்கள். "ஏலே எருமைக்காரன் மவனே, உங்க வீட்டுப் பானையில என்னலே நீந்துது?" என்பான் ஒருவன். அவன் இன்றைக்கும் நம் தெருவில்தான் இருக்கிறான், உங்களிடம் அன்பாகப் பேசுகிறான். போகட்டும்.

அதெல்லாம்கூட ஆறிவிடும். ஒரு நாள் மத்தியானம், அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அம்மா வெறும் தட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவியபடியே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "மெய்யாச் சொல்லுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அந்தப் பானைக்காரன்ட்ட குடுத்தியளா?"

அப்பா கையில் எடுத்த சோற்று உருண்டையைக் கீழே வைக்கவில்லை. வாயில் போட்டு மென்று விழுங்கினார். அம்மா அதற்குப் பிறகு அதைக் கேட்கவே இல்லை. அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அப்பா உப்பளத்தில் பெட்டி சுமக்கப் போனார். உப்புத் தண்ணீரில் நின்று நின்று குதிகால் வெடித்து, அந்த வெடிப்பில் மறுபடி உப்பு இறங்கும். வீட்டுக்கு வந்ததும் காலை நல்ல தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்.

லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு எட்டயபுரம் பக்கம் போவார். கரிசல் காட்டு ஊர்கள். ஒவ்வொரு ஊர்க் கண்மாயிலும் இறங்கிக் கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்ப்பார். ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுபோய்த் தட்டுவார். எனக்கு வெயில், பசி. ஏன் வருகிறோம் என்று விளங்கவில்லை.

"அன்னைக்கி முட்டை போட்டத நீயும் பாத்தல்லாடே?" என்று ஒரு கண்மாய்க் கரையில் கேட்டார்.

"பாத்தேம்ப்பா."

"அப்பம் எங்கடே போச்சி? நான் கண்ணசந்த நேரத்துல எவனோ அரிச்சிட்டுப் போயிருக்கான். எங்காவது வளந்துக்கிட்டுத்தான இருக்கும்?"

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஊர் சொன்னதை அவரும் நம்பினார். திருடியது தான் இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியும். திருட்டுப் போனது உண்மை, தன் காவலில் போனது உண்மை என்று நம்பினார். அவரும் சங்கு குளித்தவர்தானே. சினை மீன் பொரிக்கும் என்பது அவருக்கும் தெரியும். கண்மாய்களில் டின் தட்டினால் தவளை குதிக்கும். வேறொன்றும் வராது.

அடுத்த வருஷமும் மழை வந்தது. புதுக் காவல்காரர் வந்திருந்தார். அந்த வருஷம் மீன்கள் புரளக்கூட இல்லை. பருவம் தாண்டிவிட்டது, வயசாகிவிட்டது, இனி தானாகச் செத்துவிடும், அதற்கு முன்னால் விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். குளத்தை வடித்து ஒன்பதையும் கரையில் போட்டு ஏலம் விட்டார்கள். மாமா ஒன்று எடுத்தார். உறவு விட்டுப் போகக்கூடாது என்று எங்கள் வீட்டுக்கும் ஒரு பெரிய துண்டு கொடுத்தனுப்பினார். அம்மா புளி ஊற்றிக் குழம்பு வைத்தாள். அப்பா சாப்பிட மாட்டார் என்று நினைத்தேன். சாப்பிட்டார். சதைக்குள்ளே மயிர் மாதிரி முள். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார்.

"முள்ளு சாஸ்தி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அவர் போய்விட்டார். அடக்கத்துக்கு மாமாதான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். "என்ன இருந்தாலும் நல்ல மனுசன்" என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த "என்ன இருந்தாலும்" என்ற வார்த்தை இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் சின்னவனை உட்காரவைத்து, அந்த மீனைப் பற்றிப் போனில் இருப்பதையெல்லாம் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். ஏதோ பொழுதுபோகாமல் கேட்கிறேன் என்று நினைத்து அவனும் சொன்னான். அதில் மூன்று நாலு வகை உண்டாம். செதிலை வைத்து வயது பார்ப்பது இந்த மீனுக்குச் சரிவராதாம். தலைக்குள், காதுப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னக் கல்லை அறுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். அப்படிப் பார்த்துத்தான் நூறு வயது தாண்டியதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதுவும் இப்போது கொஞ்ச வருஷமாகத்தான். அப்புறம் அவன் சாதாரணமாக ஒன்றைப் படித்தான். "சில ஏரியில இதுங்க முட்டை போட்டாலும் குஞ்சு தேறுறதே இல்லியாம்ப்பா. பத்து வருசம், இருவது வருசம், அதுக்கு மேலயும்கூட. பெருசுங்க மட்டும் பேசாம காத்துக்கிட்டு இருக்குமாம். ஆயுசுதான் நெறைய இருக்கே."

இன்னொரு தடவை படி என்றேன். படித்தான்.

யாரும் எடுக்கவில்லை. எடுக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அந்த வெள்ளைக்காரருக்கும் அன்றைக்கு இது தெரியாது. ஆகவே அவரைத் திட்டவும் வழியில்லை. பருவம் போன கிழடு என்று வெட்டித் தின்றோமே, அவை இன்றைக்கும் உயிரோடு இருந்திருக்கலாம்.

மாமா இருக்கிறார். உங்களுக்குத் தெரியும், தொண்ணூறைத் தாண்டிப் படுக்கையில் இருக்கிறார். அந்தப் படத்தை என் போனில் ஏற்றித் தரச் சொல்லி, உங்களிடம் சொல்லாமல் நான் மட்டும் அவரைப் பார்க்கப் போனேன். ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு கட்டிலில் கிடந்தார். அவர் மருமகள் சத்தமாக, "மாமா, யாரு வந்திருக்கான்னு பாருங்க" என்றாள். என்னைக் கண்டுகொண்டார். படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எருமையில்லா இது! பல்லில்லாத பய."

"ஆமா மாமா. இது முட்டை போட்டாலும் குஞ்சு தேறாதாம் மாமா. வருசக்கணக்கா தேறாதாம். இப்பம்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. அப்பா ஒண்ணும் எடுக்கல மாமா. யாருமே எடுக்கல."

அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். தோல் காகிதம் மாதிரி இருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதோ சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

"அத விடுடே" என்றார். "பிள்ளைங்க பசிக்குத்தான செஞ்சாரு. நான் அப்பவே மன்னிச்சிட்டேன். இன்னைக்கும் செபத்துல அவரு பேரச் சொல்லாம நான் ஒறங்கதில்ல."

"பாத்தியளா, எம்புட்டுப் பெரிய மனசு" என்று மருமகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காபி கொண்டுவந்தாள். குடித்தேன். வேறு என்ன செய்ய? தொண்ணூறு வயதுக் கிழவரோடு சண்டை போடவா?

வீட்டுக்கு வராமல் முத்தையாபுரம் பஸ்ஸில் ஏறினேன். பண்ணை இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கிற பெரிய யார்டு. மண் அடித்து மேடாக்கி, சுற்றி ஆள் உயரத்துக்கு மதில் கட்டியிருக்கிறார்கள். எந்தக் குளம் எங்கே இருந்தது என்று எனக்கே திசை பிடிபடவில்லை. உச்சி வெயில். ரோட்டில் ஆள் இல்லை. மதில் ஓரத்தில் கிடந்த செங்கல் துண்டு ஒன்றை எடுத்தேன். ஒரு லாரி போகிறவரை அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன். புழுதி அடங்கியதும், பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி பெரிய எழுத்தாக, மதிலில் எழுதினேன்:

"இங்கே இருந்த குளத்தில் மீன்குஞ்சு தேறவே இல்லை. காவல்காரர் எடுக்கவில்லை."

செங்கல் உதிர்ந்துகொண்டே இருந்ததால் சில எழுத்துகள் பதியவில்லை. அவற்றின் மேலேயே இன்னொரு தடவை அழுத்தி இழுத்தேன்.